நாலு பேருக்கான மிக்ஸர்

லைன் அக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தது ஒரு பெரிய ஆஸ்பத்திரி. இருபத்தேழு வருஷம் அங்கே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருந்தாள். யார் கூப்பிட்டாலும் முதலில் கேட்பது அவள் குரல்தான். "வணக்கம், சொல்லுங்க" என்று எடுப்பாள், "கொஞ்சம் லைன்ல இருங்க" என்று முடிப்பாள். குழந்தை பிறந்துவிட்டதா என்று கேட்கக் கூப்பிட்டவரும் சரி, உடலை எப்போது தருவீர்கள் என்று கேட்கக் கூப்பிட்டவரும் சரி, அந்த ஒரு வாக்கியத்தில் கொஞ்சம் நிதானத்துக்கு வந்துவிடுவார்கள். கடையில் அரைக் கிலோ வெங்காயம் கேட்டால் பக்கத்தில் நிற்பவர் சட்டென்று திரும்பி, "நீங்க ஆஸ்பத்திரி போன்ல..." என்று இழுப்பார். அதில் அவளுக்குப் பெருமை. இல்லை என்று அவளே சொன்னாலும் நம்ப வேண்டாம்.

எக்ஸ்சேஞ்ச் அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. வரிசையாக நான்கு நாற்காலி, நான்கு ஹெட்போன், நான்கு பெண்கள். முதல் நாற்காலி இவளுடையது. இரண்டாவதில் சுடுதண்ணி. கையில் பிளாஸ்க் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. மூன்றாவதில் அவசரம். கூப்பிட்டவர் பேசி முடிப்பதற்குள் லைனைப் போட்டுவிடுவாள், அதனால் பிரசவ வார்டுக்குப் போக வேண்டியவர்கள் பல் டாக்டரிடம் போய் நிற்பார்கள். நான்காவதில் சிரிப்பு. அவளுக்குச் சிரிப்பு வந்தால் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு மேஜையில் கவிழ்ந்துவிடுவாள், அந்த லைனையும் சேர்த்து மற்ற மூன்று பேர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் மிஷின் வந்தது. ஒன்றை அழுத்துங்கள், இரண்டை அழுத்துங்கள் என்று அது சொல்ல ஆரம்பித்ததும் நாற்காலிகளைத் தூக்கிவிட்டார்கள். சுடுதண்ணி மகளோடு வெளிநாடு போய்ச் சேர்ந்தாள். அவசரம் பேருக்கு ஏற்றபடி எல்லாருக்கும் முந்திக்கொண்டு போய்விட்டாள். சிரிப்பு போனை எடுப்பதில்லை. நம்பர் மாறியிருக்கலாம், மனசும் மாறியிருக்கலாம். லைன் அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டாள், அவர் போன பிறகு மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீட்டில் அவளும் ஒரு குளிர்சாதனப் பெட்டியும் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை தம்பி கூப்பிடுவான். எட்டு நிமிஷம். அதில் ஏழு நிமிஷம் அவன் முட்டிவலிக்குப் போய்விடும்.

புதன்கிழமை சாயங்காலம் வாசலில் பார்சல்காரர் "மேடம், பேரு?" என்று கேட்டபோது அவளுக்குத் தொண்டையில் சத்தமே வரவில்லை. இருமி, செருமி, அப்புறம்தான் வந்தது. திங்கட்கிழமையிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கதவைச் சாத்திவிட்டு அப்படியே நின்றாள். பயமாக இருந்தது. ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த குரல் இப்படித் துருப்பிடித்துக் கிடக்கிறதே என்று துக்கமாகவும் இருந்தது.

அந்த வாரம்தான் செய்தித்தாளில் அந்த அறிவிப்பைப் பார்த்தாள். பார்வையற்றவர்களுக்கான ஒலி நூலகம் ஒன்று, புத்தகம் வாசித்துப் பதிவு செய்து தர ஆள் தேடியது. சம்பளம் இல்லை. வீட்டிலேயே பதிவு செய்யலாம், ஆனால் கருவி சொந்தமாக இருக்க வேண்டும். பத்து நிமிஷ மாதிரி ஒன்று அனுப்ப வேண்டும். மூன்று முறை அனுப்பலாம், மூன்றும் தேறாவிட்டால் ஒரு வருஷம் கழித்து வரலாம். ஒரு வருஷம்! மூன்று நாளிலேயே தொண்டை அடைத்துக்கொண்ட கதை அவளுக்குத்தானே தெரியும். இதை விட்டால் இந்தக் குரலை யாரும் கேட்கப் போவதில்லை என்று அவளுக்குத் தீர்மானமாகப் பட்டது.

படிப்பதென்றால் முறையாகப் படிக்கிற ஆள். நோட்டு ஒன்று போட்டுக்கொண்டு, போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்து எழுதினாள். மைக்கில் விழும் குரல் மிகச் சிறியது. அதைத் தூக்கிப் பெரிதாக்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பது ப்ரீ-ஆம்ப். நல்ல ப்ரீ-ஆம்ப் குரலை மட்டும் தூக்கும். மட்டமானது குரலோடு தன்னுடைய 'உஸ்' சத்தத்தையும் சேர்த்துத் தூக்கும். மிக்ஸர் என்பது பல மைக்குகளை ஒன்றாகக் கலக்குகிற பெட்டி, ஒவ்வொரு மைக்குக்கும் உள்ளே ஒரு ப்ரீ-ஆம்ப் இருக்கும். விலை ஒன்றுதான் என்றால், நாலு மைக் மிக்ஸரில் அந்தக் காசு நாலாகப் பிரியும், ஒற்றை மைக் பெட்டியில் ஒன்றிலேயே இறங்கும். நோட்டின் கடைசியில் சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடு போட்டாள்: "ஒரு ஆள். ஒரு மைக். ஒரு நல்ல ப்ரீ-ஆம்ப்."

இவ்வளவும் எழுதிக்கொண்டு போனவள் கடையில் என்ன செய்தாள் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

ஒலிக்கருவிக் கடை ஒரு பேங்குக்கு மாடியில் இருந்தது. கடைக்காரர் நாற்பது வயசு மதிக்கத்தக்க ஆள், காதுக்குப் பின்னால் ஸ்க்ரூ டிரைவரைச் சொருகிக்கொண்டு இருந்தார். கடையில் இன்னும் இரண்டு மூன்று கூட்டம். ஒரு குடும்பம் கிடார் பார்த்துக்கொண்டிருந்தது. நாலைந்து பெண்கள் ஒரே மைக்கைச் சுற்றி நின்று ஹலோ ஹலோ என்று விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க மேடம். வீட்டு ரெக்கார்டிங்கா? எத்தனை பேரு பேசுவீங்க?"

சாதாரணக் கேள்வி. நோட்டில் பதில் சிவப்பு மையில் இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்களின் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே 'நான் மட்டும்தான்' என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழும்பவில்லை. வெட்கம். இந்த வயசில் தனியாக இருப்பது ஏதோ அவள் செய்த தப்பு மாதிரி.

"நாங்க நாலு பேர்," என்றாள்.

வாயிலிருந்து விழுந்துவிட்டது. பொய் என்றுகூட அப்போது தோன்றவில்லை. இருபத்தேழு வருஷம் யார் கேட்டாலும் அதுதான் பதில்.

"அப்படியா! அப்போ தனிப் பெட்டி சரிப்படாது. இந்தாங்க, நாலு மைக் மிக்ஸர். உங்க பட்ஜெட்டுக்குள்ளயே வந்துடும். மைக்கும் இந்த டைனமிக் டைப்தான் எடுக்கணும். ரொம்பக் கூர்மையான மைக் வச்சீங்கன்னா ஒருத்தர் பேசறது இன்னொருத்தர் மைக்ல விழும். இப்போ எத்தனை மைக் வேணும்?"

"இப்போ ஒண்ணு போதும். மத்தவங்க... அவங்கவங்க கொண்டு வருவாங்க."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கும்போதே அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் வாங்கினாள். அதுதான் வேடிக்கை.

வீட்டில் மேஜைமேல் வைத்துப் பார்த்தபோது மிக்ஸர் அழகாகத்தான் இருந்தது. நான்கு வரிசைக் குமிழ்கள், அடியில் பெயர் எழுத வெள்ளைப் பட்டை. அதன்மேல் ஒரு ஒட்டு டேப்பை ஒட்டி, எந்தக் குமிழ் யாருக்கு என்று எழுதச் சொல்லியிருந்தது கையேட்டில். சொன்னதைச் செய்தாள். நான், சுடுதண்ணி, அவசரம், சிரிப்பு. எழுதிவிட்டு, நல்லவேளை இதைப் பார்க்க யாரும் இல்லை என்று நினைத்தாள். நினைத்த பிறகு, அது என்ன நல்லவேளை என்று எரிச்சலும் வந்தது.

பகல் பதினொரு மணிக்குமேல் அந்தக் கட்டடம் ஓய்ந்துவிடும். எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போயிருப்பார்கள். குளிர்சாதனப் பெட்டியை அணைத்தாள், ஃபேனை அணைத்தாள், சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் குளியலறையில் வைத்தாள். நூலகத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் ஒரு நிமிஷம், யாரும் பேசாத வெறும் அறையின் சத்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். தப்புகளை வெட்டி எடுத்த இடத்தில் அந்த வெறும் சத்தத்தை வைத்து ஒட்டுவார்களாம். லைன் அக்கா அந்த ஒரு நிமிஷமும் மைக்குக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தாள். அப்புறம் வாசித்தாள். முதல் பக்கத்தில் குரல் தடுக்கியது, இரண்டாவது பக்கத்தில் வழிக்கு வந்தது. மூன்றாவதில் பழைய குரல் அப்படியே எழுந்து உட்கார்ந்தது. சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆனால் அந்த டைனமிக் மைக் லேசில் மசியாது. கெயின் என்று எழுதிய குமிழைக் கடைசிவரை திருகினால்தான் குரல் எழும்பியது. திருகினால் மிக்ஸரின் 'உஸ்'ஸும் கூடவே எழும்பியது. ஹெட்போனில் கேட்டால் குழாயைச் சரியாக மூடாமல் விட்ட மாதிரி இருந்தது. பரவாயில்லை, குரல் நன்றாக இருக்கிறதே என்று அனுப்பிவிட்டாள்.

இரண்டு நாளில் திரும்பி வந்தது. "வாசிப்பு நன்று. பின்னணி இரைச்சல் அதிகம். ஏற்க இயலாது."

இரண்டாவது முறை, கம்ப்யூட்டரில் இரைச்சலைத் துடைக்கிற மென்பொருளைப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தாள். இரைச்சல் போயிற்று, கூடவே குரலில் இருந்த உயிரும் போயிற்று. அதுவும் திரும்பி வந்தது. "தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து பேசுவதுபோல் உள்ளது. இன்னும் ஒரு வாய்ப்பு."

என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. கடைக்குப் போய் மிக்ஸரை மாற்ற வேண்டும். முப்பது நாளுக்குள் மாற்றித் தருவதாக ரசீதிலேயே இருக்கிறது. ஆனால் போனால் கடைக்காரர் ஏன் என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து இருபத்தெட்டு நாளை ஓட்டிவிட்டாள். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேரின் அழுகையைக் காதில் வாங்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தவள் ஒரு கடைக்காரருக்குப் பயந்தாள். இருபத்தொன்பதாவது நாள், கிளம்பினாள்.

கடையில் கூட்டம் இல்லை. கடைக்காரர் பெட்டியைத் திறந்து மிக்ஸரை எடுத்தார். டேப்பை எடுக்க மறந்திருந்தாள். அவர் அதை வாய்விட்டுப் படித்தார்.

"நான், சுடுதண்ணி, அவசரம், சிரிப்பு... நல்ல பேரா இருக்கே! என்ன மேடம், இவங்களுக்கு யாருக்கும் பிடிக்கலையா?"

இந்த இடத்தில் எவ்வளவோ சொல்லியிருக்கலாம். அவர்கள் ஊரில் இல்லை என்று சொல்லியிருக்கலாம், சண்டை என்று சொல்லியிருக்கலாம். வழியெல்லாம் பஸ்ஸில் நாலைந்து பொய்யைத் தயார் செய்துகொண்டுதான் வந்தாள். ஆனால் அந்த மூன்று பெயரையும் இன்னொருவர் குரலில் கேட்டதும் அந்தப் பொய்யெல்லாம் மறந்துபோயிற்று. அந்தப் பெயர்களை யாரும் உரக்கச் சொல்லி ஏழு வருஷம் ஆகிறது.

"அவங்க யாரும் இல்ல தம்பி. நான் ஒருத்திதான். அன்னிக்கும் நான் ஒருத்திதான். சொல்ல வெட்கமா இருந்துச்சு, அதான் நாலு பேர்னு சொல்லிட்டேன்."

கடைக்காரர் கொஞ்ச நேரம் ஸ்க்ரூ டிரைவரைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் சொருகிக்கொண்டார். பிறகு மேடம் போய் அக்கா ஆயிற்று.

"முதல்லயே சொல்லியிருந்தா உங்களுக்கு இவ்வளவு அலைச்சல் இல்லையேக்கா. இங்க வர்றவங்க பாதிப் பேர் ஒருத்தர்தான். பெருசா சத்தம் போட்டு வாங்கிட்டுப் போறவங்களும் வீட்ல போய்த் தனியாத்தான் பாடறாங்க." அலமாரியிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டியை எடுத்தார். "ஒரே ஒரு ப்ரீ-ஆம்ப். சத்தமே இருக்காது. மைக்கையும் மாத்திடுங்க, கண்டென்ஸர் எடுத்துக்கோங்க. ஒருத்தருக்கு அதுதான். சின்னச் சத்தத்தைக்கூட விடாது. இந்த நாற்பத்தெட்டுன்னு போட்ட பொத்தானை அழுத்தினாத்தான் அதுக்கு உயிர் வரும், மறந்துடாதீங்க."

மிக்ஸரிலிருந்து டேப்பை அவர் உரித்தபோது அவள் கையை நீட்டினாள். அவர் ஒன்றும் கேட்காமல் கொடுத்தார். அதை நோட்டில், சிவப்பு மையில் எழுதிய வரிக்குக் கீழே ஒட்டிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து நாற்பத்தெட்டை அழுத்த மறந்து, அரைமணி நேரம் செத்த மைக்கிடம் வாசித்தது தனிக் கதை. அது போகட்டும். பொத்தானை அழுத்திய பிறகு ஹெட்போனில் கேட்டது அவள் இதுவரை கேட்டிராத அமைதி. 'உஸ்' இல்லை, ஒன்றும் இல்லை. அந்த அமைதியின் நடுவில் அவள் குரல் துல்லியமாக வந்தது, பக்கத்து நாற்காலியில் யாரோ உட்கார்ந்து பேசுவதுபோல. ஒரு நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள், ஒன்பது நிமிஷம் வாசித்தாள், அனுப்பினாள். இதுதான் கடைசி.

மறுநாள் பகல் ஒரு மணிக்குப் போன் வந்தது. நூலகத்தில் பதிவுகளைச் சரிபார்க்கிற மனிதர். அவருக்கும் பார்வை இல்லை, அதனால் காது பொல்லாதது என்று அவரே சொன்னார்.

"மேடம், குரல் அருமை. இரைச்சல் துளிக்கூட இல்ல. ஆனா அந்த வெறும் அறை நிமிஷத்துல யாரோ மூச்சு விடறாங்க. உங்க கூட ஒருத்தர் உட்கார்ந்திருக்காங்க இல்ல? யாரு அது?"

லைன் அக்காவுக்குச் சுருக்கென்றது. எக்ஸ்சேஞ்சில் மூச்சு மைக்கில் விழக்கூடாது என்பது முதல் பாடம். இருபத்தேழு வருஷத்தில் அவள் மூச்சை ஒருவர் கேட்டதில்லை. 'என் தங்கச்சி' என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. அப்படி ஒரு தங்கை இருந்து, பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றும் அந்த நொடியிலேயே தோன்றிவிட்டது.

"நான்தான் சார் அது," என்றாள். "வேற யாரும் இல்ல."

"நீங்களா?" அவர் சிரித்தார். "வெறும் அறைன்னா நீங்களும் இருக்கக்கூடாது மேடம்! பொத்தானை அழுத்திட்டு வெளிய போயிடணும். இதையும் நான் ஏற்க இயலாதுன்னு எழுதித் திருப்பி அனுப்பியிருக்கணும். அந்தக் குரலுக்கு மனசு வரல. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் அனுப்பிடுங்க."

"நான் வெளிய போயிட்டா வீட்ல யாருமே இருக்க மாட்டாங்களே சார்."

"அதுதான் எங்களுக்கு வேணும்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவளுக்குத்தான் போனை வைத்த பிறகும் கை அதிலேயே இருந்தது.

குளிர்சாதனப் பெட்டியை அணைத்தாள். கடிகாரத்தைக் குளியலறைக்குக் கொண்டுபோனாள். பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். படிக்கட்டில் உட்கார்ந்து அறுபதுவரை எண்ணினாள். அவசரம் மாதிரி முந்திக்கொள்ளக் கூடாது என்று இன்னும் இருபது சேர்த்து எண்ணினாள். கதவுக்கு அந்தப்பக்கம் தன் வீடு தான் இல்லாமல் எப்படி இருக்கிறதென்று ஒரு மைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு அவளுக்குப் பிடிக்கவே இல்லை. ஒருநாள் இப்படித்தானே இருக்கும் என்று தோன்றியதும் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அவளை எடுத்துக்கொண்டார்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று சாயங்காலமே பதில் வந்துவிட்டது. முதல் புத்தகம் முந்நூறு பக்கம்.

ஆனால் அந்த நிமிஷத்தை அனுப்புவதற்கு முன்னால், சரியாக விழுந்திருக்கிறதா என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். முதலில் பொத்தானின் சத்தம். நாற்காலி நகர்ந்தது. பிறகு அவள் குரல், எப்போது சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை, பழக்கதோஷத்தில் வாசல்பக்கம் போகிறபோக்கில் வெறும் அறையைப் பார்த்துச் சொல்லியிருந்தாள்:

"கொஞ்சம் லைன்ல இருங்க."

கதவு சாத்திக்கொண்டது. அதற்கு அப்புறம் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாததில் வெட்ட வேண்டியதை வெட்டி, ஒட்ட வேண்டியதை ஒட்டி அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அவள் பதிவை வேகமாக ஓட்டிவிடவில்லை. இருபத்தேழு வருஷம் எத்தனையோ ஆயிரம் பேர் அவள் சொல்லைக் கேட்டு இப்படிக் காத்திருந்தார்கள். இப்போது அவளே கேட்டாள், அவளே காத்திருந்தாள். அறுபதும் ஆயிற்று, அதற்குமேல் இருபதும் ஆயிற்று. கடைசியில் ஹெட்போனுக்குள் தாழ்ப்பாள் அசைந்தது, கதவு திறந்தது, வெறுங்காலோடு யாரோ வீட்டுக்குள் வந்தார்கள்.

வருவது தான்தான் என்று தெரிந்தும் அவள் திரும்பி வாசலைப் பார்த்தாள்.